நாள் குறித்த கட்டளை வேண்டும்

2024 அக்டோபர் 11ஆம் நாள் மாலையை நான் மறக்கமாட்டேன். மாஹிமில் எங்கள் பக்கத்து வீட்டு அக்காள் தொலைக்காட்சியை விட்டு அகலவில்லை. திருச்சியிலிருந்து சார்ஜாவுக்குப் புறப்பட்ட போயிங் 737 விமானம் ஒன்று, ஹைட்ராலிக் கோளாறினால், நூற்று நாற்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைச் சுமந்துகொண்டு இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக வானிலேயே வட்டமிட்டது. அக்காளின் தம்பி அதில் இல்லை. மறுவாரம் அதே வழியில் போகவேண்டியவன். விமானிகளின் திறமையால் அனைவரும் நலமாக இறங்கினர். அக்காள் கேட்டாள்: "பழுதான சாமானை மாத்தாமலா தம்பி பறக்க விடுறாங்க?"

அந்த விமானத்தைப் பற்றியதன்று என் பேச்சு. அந்தக் கேள்வியைப் பற்றியதே.

ஹைட்ராலிக் என்பது என்ன? சதுர அங்குலத்துக்கு 3,000 பவுண்டு அழுத்தத்தில் ஓடும் திரவம். விமானத்தின் வால் சுக்கானைத் திருப்புவது அதுதான். விமானியின் கால் வலிமை அன்று. அந்தத் திரவத்துக்கு வழிவிடும் ஒரு சிறு வால்வு சிக்கிக்கொண்டால்? போயிங் 737இன் கதை அதைச் சொல்லும். 1991இல் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸில் ஒரு விமானம் தலைகீழாக விழுந்தது. 25 பேர் மாண்டனர். காரணம் புரியவில்லை என்று 1992இல் ஏட்டை மூடினார்கள். 1994இல் பிட்ஸ்பர்க் அருகே இன்னொன்று, 132 பேர். 1996இல் மூன்றாவது விமானமும் அப்படியே புரள முற்பட்டு, நல்ல வேளையாகத் தப்பியது. வால்வு சிக்கினால் சுக்கான் விமானி மிதித்த திசைக்கு நேர் எதிராகத் திரும்பக்கூடும் என்பது அதன் பிறகே தெளிவாயிற்று. 1997இல் வால்வை மாற்றக் கட்டளை பிறந்தது. சுக்கான் அமைப்பையே மாற்றும் கட்டளையோ 2002இல்தான் வந்தது. அதற்கும் ஆறு ஆண்டு தவணை!

ஆயிரக்கணக்கான விமானங்கள், உறுப்புகள் செய்யவேண்டும், அவசரத்தில் பூட்டிய உறுப்பும் ஆபத்தே. இந்த வாதத்தை நான் தள்ளிவிடவில்லை. ஆனால் தவணையை நிர்ணயிப்பது ஆபத்தின் அளவா, கம்பெனியின் வசதியா?

நம் நாட்டுக்கு வருவோம். திருச்சி நிகழ்ச்சிக்கு நான்கு நாள் முன்பு, போயிங் 737 சுக்கானோடு இணைந்த வேறோர் உறுப்பைப் பற்றி நம் விமானத் துறை இயக்ககம் கம்பெனிகளுக்கு எழுதியது. அதற்குள் ஈரம் புகுந்து உறைந்தால் சுக்கான் இறுகிவிடும் என்ற எச்சரிக்கை அது. நல்ல காரியந்தான். ஆனால் அதன் பெயர் 'அறிவுரை'! அறிவுரை நமக்கு வீட்டிலேயே கிடைக்கிறது. 2019இல் ஏர்பஸ் விமானங்களின் பழுதுபட்ட எஞ்சின்களை 2020 ஜனவரி 31க்குள் மாற்று என்று அதே இயக்ககம் ஆணையிட்டது. நாள் குறித்ததால் வேலை நடந்தது. அந்த நாளும் மே மாதத்துக்குத் தள்ளிப்போனது வேறு கதை!

நான் கேட்பது இரண்டே. சுக்கானைக் கெடுக்கக்கூடிய உறுப்பானால் நாள் குறித்துக் கட்டளையிடுங்கள். இன்னும் எத்தனை விமானங்கள் மாற்றப்படவில்லை என்பதை மாதந்தோறும் பிரயாணிகள் அறிய வெளியிடுங்கள்.

"மாத்தித்தான் விடுவாங்க அக்கா" என்று அன்று சொல்லிவைத்தேன். எந்தத் தேதிக்குள் என்று அவள் கேட்கவில்லை.