கம்ப்யூட்டர் படுத்தால் ஃபார்மட்தானா?

வீட்டுக் கம்ப்யூட்டர் அடிக்கடி கிராஷ் ஆகிறதா? வருகிற மெக்கானிக் சொல்லும் முதல் வைத்தியம் ஃபார்மட்! சேர்த்து வைத்த கல்யாண போட்டோக்களும் அதோடு காலி. கோளாறு ராமில் இருந்தால் புது விண்டோஸும் இரண்டே நாளில் படுத்துவிடும்.

நீலத்திரையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அதிலுள்ள எரர் கோடுதான் துப்பு. தானாக ரீஸ்டார்ட் ஆவதை நிறுத்தி வைத்தால்தான் அதை நிதானமாகப் படிக்க முடியும் (இதை எத்தனை மெக்கானிக் செய்கிறார்கள்?). ஒவ்வொரு தடவையும் வேறு வேறு எரர் வந்தால் ராம் மீது சந்தேகப்படலாம். மெம்டெஸ்ட்86-ஐ ராத்திரி முழுக்க ஓடவிட்டுப் பாருங்கள். இரண்டு ராம் இருந்தால் ஒன்றைக் கழற்றிவிட்டும் பார்க்கலாம், செலவே இல்லை.

கேம் ஆடும்போது மட்டும் பட்டென்று அணைந்தால் ஃபேனில் அடைந்த தூசியையும் பவர் சப்ளையையும் கவனியுங்கள். ஹார்ட் டிஸ்கில் 'டக் டக்' சத்தமா? சோதனையெல்லாம் அப்புறம், முதலில் போட்டோக்களைக் காப்பி எடுங்கள்.