ஆற்றங்கரை நித்திரை

"பசி ருசி அறியாது, நித்திரை சுகம் அறியாது" என்பர் நம் முன்னோர். களைத்தவனுக்குக் கட்டாந்தரையும் பஞ்சணையாகும் என்பது இதன் கருத்து. ஆயினும், பல நாட்கள் தொடர்ந்து ஆற்றிலே மிதவையிற் செல்வோரிடம் இப்பழமொழி செல்லாது. இரவு கண் விழித்தவனுக்கு மறுநாள் நீர்ச்சுழியிலே துடுப்புப் பிடிக்கும் கை தளரும். ஆகவே, ஆற்றங்கரை நித்திரையைப் பற்றி இவ்வாரம் சிறிது சிந்திப்போம்.

ஐக்கிய அமெரிக்காவிலே கொலராடோ ஆறு, கிராண்ட் கன்யன் என்னும் மாபெரும் மலைப்பிளவினூடே பாய்கின்றது. 1869ஆம் ஆண்டிலே, போரில் ஒரு கையை இழந்தவரான ஜோன் வெஸ்லி பவல், ஒன்பது துணைவருடன் நான்கு மரப்படகுகளில் அவ்வழியை ஆராயப் புறப்பட்டார். ஓகஸ்ட் மாத நடுவில், மழையிலே நனைந்து கிடந்த வேளையில், ஆளுக்கொரு கம்பளிகூட மிஞ்சவில்லை என்று அவர் எழுதி வைத்தார். உணவும் குறைந்தது, அச்சம் மிகுந்தது. மாத இறுதியில் மூவர் ஆற்றை வெறுத்து மலையேறிப் போயினர். அவர்கள் வீடு திரும்பவே இல்லை. எஞ்சிய அறுவரோ இரண்டு நாட்களுக்குள் அப்பிளவைக் கடந்து வெளியேறினர்!

இன்று அதே ஆற்றில், லீஸ் பெரி முதல் டயமண்ட் கிறீக் வரை 226 மைல் தூரத்தை இறப்பர் மிதவைகளில் துடுப்பு வலித்துக் கடப்போர், இரு வாரமளவு மணற்கரைகளிலேயே உறங்குகின்றனர். அவர்கள் கருத்திற் கொள்வன மூன்று.

முதலாவது, இடம். மேலேயுள்ள கிளென் கன்யன் அணை 1963இல் நீரை மறிக்கத் தொடங்கியது. மின்சாரத் தேவைக்கேற்ப அங்கு நீர் திறக்கப்படுவதால், ஆறு ஒரே நாளினுள் ஏறியும் இறங்கியும் பாயும். ஆதலால், நீர் ஏறிய அடையாளத்துக்கு மேலேதான் படுக்கை விரித்தல் வேண்டும். வறண்ட கிளை ஓடையின் வாயிலே படுத்தல் ஆகாது. எங்கோ பெய்த கோடை மழை நள்ளிரவில் வெள்ளமாய் வந்துவிடும்.

இரண்டாவது, கீழ் விரிப்பு. உடற்பாரத்தால் நசுங்கிய போர்வையிலே காற்று நில்லாது. காற்று நில்லாவிடில் சூடும் நில்லாது. குளிர்ந்த நிலம் அச்சூட்டை உறிஞ்சிவிடும். எனவே, மேலே போர்க்க இரண்டாவது கம்பளியைத் தேடுமுன், கீழே ஒரு மெத்தையை இடுதல் அறிவுடைமையாகும்.

மூன்றாவது, ஈரம். இது பகையுமாம், நட்புமாம். பகலெல்லாம் படுக்கையை நீர் புகாப் பையிலே கட்டி வைப்பர். கோடையிலோ, பாறைகள் இரவிலும் அனல் கக்கும். அப்போது பருத்தித் துப்பட்டியை ஆற்றிலே நனைத்துப் பிழிந்து போர்த்துக்கொள்வர். ஈரம் உலர உலர உடல் குளிரும். நம் வீட்டு மண்பானை நீரைக் குளிர்விப்பதும் இவ்வாறே அன்றோ? தேள்கள் உலாவும் இடமாதலால், உறங்கும் வேளையிலேயே படுக்கையை விரித்து, விடிந்ததும் சப்பாத்தை உதறி அணிவர்.

பவல் குழுவினருக்குத் துணிவிலே குறைவிருக்கவில்லை, கம்பளிக்கே குறைவிருந்தது. பிள்ளைகள் சுற்றுலாவுக்குப் புறப்படுகையில் பலகாரம் கட்டிக் கொடுக்க நாம் மறப்பதில்லை. இனிமேல், அவர்கள் படுக்கும் பாயையும் மறவாது கட்டிக் கொடுப்போமாக!