பதிவேட்டில் தெரியாத பெயர்கள்

விண்டோஸ் கணினியில் 'ஈவென்ட் வியூவர்' திறந்து செக்யூரிட்டி பதிவேட்டைப் பார்க்கிறவர்களுக்கு முதலில் வருவது பயம்தான். டிடபிள்யூஎம்-1, யுஎம்எஃப்டி-0, அனானிமஸ் லாகான் என்று வீட்டில் யாருக்கும் இல்லாத பெயர்கள். நடுநடுவே பூட்டுப் படம் போட்ட 'ஆடிட் ஃபெயிலியர்' வரிகள்.

பெயர்களுக்காகப் பயப்பட வேண்டாம். முதலாவது திரையில் ஜன்னல்களை வரைகிறது. அடுத்தது எழுத்துருக்களைக் கவனிக்கிறது. இவை விண்டோஸ் தன் வேலைக்காகத் தானே உண்டாக்கிக்கொள்பவை. கோப்பு அனுமதிகளில் எஸ்-1-15-3 என்று தொடங்கும் 'அக்கவுண்ட் அன்னோன்' தெரிந்தால், பதறிப்போய் அதை நீக்காதீர்கள். செயலிகளின் அனுமதி அதில்தான் இருக்கிறது. நீக்கினால் சில செயலிகள் சரியாக ஓடாமல் போகலாம்.

பார்க்க வேண்டியது பதிவேட்டின் 'ஈவென்ட் ஐடி' எண்களை. 4625 என்றால் யாரோ உள்ளே நுழைய முயன்று தோற்றிருக்கிறார்கள். அதைத் திறந்து 'லாகான் டைப்' பாருங்கள். 2 என்றால் கணினி முன்னால் உட்கார்ந்தவர். பெரும்பாலும் வீட்டுப் பிள்ளை பாஸ்வேர்டைத் தப்பாக அடித்திருக்கும். 3 அல்லது 10 இருந்து, கீழே முன்பின் தெரியாத ஐபி முகவரியும் 'அட்மின்', 'டெஸ்ட்' என்று மாறி மாறிப் பெயர்களும் இருந்தால், வெளியிலிருந்து கதவைத் தட்டுகிறார்கள். ரிமோட் டெஸ்க்டாப்புக்காக ரூட்டரில் 3389 போர்ட்டைத் திறந்து வைத்த வீடுகளில் இது ஓயாமல் நடக்கும். அந்தப் போர்ட்டை மூடிவிடுங்கள்.

உண்மையில் பயப்பட வேண்டிய எண் 4720. புதுக் கணக்கு உருவாகியிருக்கிறது என்று பொருள். கூடவே, அட்மினிஸ்ட்ரேட்டர் குழுவில் அது சேர்க்கப்பட்டதாக 4732-ம் இருந்து, இரண்டையும் வீட்டில் யாரும் செய்யவில்லை என்றால், உடனே இணையத்தைத் துண்டியுங்கள். வங்கி, மின்னஞ்சல் பாஸ்வேர்டுகளை வேறொரு கருவியிலிருந்து மாற்றுங்கள்.

எனக்குக் கோபம் வருவது இந்தப் பயத்தையே முதலாக்கிப் பிழைப்பவர்கள் மேல்தான். 'உங்கள் கணினியில் வைரஸ்' என்று போன் செய்து, இதே ஈவென்ட் வியூவரைத் திறக்கச் சொல்லி, அதிலுள்ள சிவப்புக் குறிகளைக் காட்டுவார்கள். நல்ல நிலையில் இருக்கும் கணினியிலும் அந்தக் குறிகள் இருக்கும் என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள். அடுத்து, தொலைவிலிருந்தே உங்கள் கணினியை இயக்க உதவும் எனிடெஸ்க் போன்ற செயலி ஒன்றை நிறுவச் சொல்வார்கள். தனியாக இருக்கும் பெரியவர்கள்தான் இதில் அதிகம் சிக்கக்கூடியவர்கள். இதைப் படிக்கும் நீங்கள் அவர்களிடம் இன்றே பேசுங்கள். அப்படி அழைப்பு வந்தால் போனை வைத்துவிடச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழைக்கச் சொல்லுங்கள்.