தாத்தா பேரு கேட்டீங்களா?

எந்த காலேஜ் சிம்போசியத்துக்குப் போனாலும் போட்டோகிராபி கான்டெஸ்ட்ல ஒரு படம் கண்டிப்பா இருக்கும். பிளாட்பாரத்துல உக்காந்திருக்கிற ஒரு தாத்தா. முகம் முழுக்க சுருக்கம். பிளாக் அண்ட் ஒயிட். கீழே 'வறுமை', இல்லன்னா 'காத்திருப்பு'ன்னு ஒரு தலைப்பு. எடுத்தவர்கிட்ட தாத்தா பேரு என்னன்னு கேட்டுப் பாருங்க. தெரியாது. ஜூம் லென்ஸ் போட்டு ரோட்டுக்கு அந்தப் பக்கத்துல இருந்து எடுத்திருப்பாரு.

பிளாக் அண்ட் ஒயிட்ல ஒரு நெருக்கம் இருக்கு, ஒத்துக்கறேன். கலர் படத்துல சட்டை, சுவர், பின்னாடி நிக்கிற பஸ்னு எல்லாமே கண்ணை இழுக்கும். கலரை எடுத்துட்டா வெளிச்சமும் நிழலும்தான் மிச்சம். பார்வை நேரா முகத்துக்குப் போயிடும். ஆனா அந்த முகத்துக்கும் உங்களுக்கும் இடையில எதுவுமே நடக்கலன்னா, எந்த ஃபில்டராலயும் அதைக் கொண்டு வர முடியாது.

ஜூலியா மார்கரெட் கேமரன் எடுத்த படங்களைத் தேடிப் பாருங்க. 1863-ல், 48 வயசுல, மகள் கொடுத்த கேமராவோட ஆரம்பிச்சவர். அப்போ ஈரமான கண்ணாடித் தகட்டுலதான் படம். எதிர்ல இருக்கிறவர் நிமிஷக் கணக்குல அசையாம உக்காரணும். அவருக்குத் தெரியாம எடுக்கவே முடியாது. விஞ்ஞானி ஜான் ஹெர்ஷலை 1867-ல் எடுத்தார். அவர் பல வருஷ நண்பர். தன் வீட்டுல வேலை செஞ்ச மேரி ஹில்லியரையும் திரும்பத் திரும்ப எடுத்தார். ஃபோகஸ் கொஞ்சம் மங்கல்தான், இன்னைக்கு நம்ம கான்டெஸ்ட்ல முதல் ரவுண்டுலயே தூக்கியிருப்பாங்க. ஆனா 150 வருஷம் கழிச்சும் அவங்க நம்ம பக்கத்துல உக்காந்திருக்கிற மாதிரி இருக்கு.

எஜமானி சொன்னா மேரியால மறுக்க முடியுமா? நியாயமான கேள்விதான். ஆனா மேரியோட பேராவது இன்னைக்கு நமக்குத் தெரியும். நம்ம தாத்தாவுக்கு அதுவும் இல்ல.

"கேட்டா போஸ் கொடுத்துடுவாங்க, நேச்சுரலா வராது"ன்னு சொல்வீங்க. கொடுக்கட்டுமே. ஒரு டீ வாங்கிக் கொடுத்து பத்து நிமிஷம் பேசுங்க, போஸ் தானா கலைஞ்சிடும். வேண்டாம்னு சொன்னா, கேமராவைப் பைக்குள்ள வெச்சிட்டு டீயை முடிச்சிட்டு வாங்க.

போட்டோகிராபி கிளப்புக்கு ஒரு கோரிக்கை. அடுத்த கான்டெஸ்ட் ஃபார்ம்ல ரெண்டு கேள்வி சேருங்க: படத்துல இருக்கிறவர் பேரு என்ன? இந்தப் படத்தை அவர் பாத்தாரா?

ஜெயிச்சா, பிரிண்ட் ஒண்ணு அவருக்கும் கொண்டுபோய்க் கொடுங்க.