விமானிக்கும் உண்டு ஆறு மாதப் பரீட்சை! "டிமிக்கி" கொடுத்தால் என்ன ஆகும்?

அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தில் ஆக்ரன் என்று ஒரு ஊர். 2015-ம் ஆண்டு நவம்பர் 10-ந் தேதி. மேகம் தாழ்ந்து மூடிக் கிடந்த பிற்பகல் நேரம்.

வாடகைக்கு அமர்த்திய சின்ன ஜெட் விமானம் ஒன்று அங்கே இறங்க வந்தது. ஓடுபாதைக்கு வந்து சேரவே இல்லை! வழியில் இருந்த குடியிருப்பு வீடு ஒன்றின் மீது மோதித் தீப்பிடித்தது. விமானிகள் 2 பேர், பயணிகள் 7 பேர், ஆக 9 பேரும் பலி. பயணிகள் 7 பேரும் ஒரே கம்பெனியின் ஊழியர்கள். வேலை விஷயமாகக் கிளம்பியவர்கள். அந்த வீட்டில் குடியிருந்தவர்கள் அந்த நேரம் வெளியே போயிருந்தார்கள். அதனால் தப்பினார்கள்.

விமானிகள் இருவரிடமும் லைசென்ஸ் இருந்தது. பிறகு ஏன் இந்தக் கோரம்?

அதிகாரிகள் கிளறக் கிளற, பழைய கதை வெளியே வந்தது. கேப்டன் அதற்கு முன் வேறொரு கம்பெனியில் வேலை பார்த்தவர். மறுபயிற்சிக்கு வரும்படி அந்தக் கம்பெனி சொன்னது. அவர் போகவில்லை. சீட்டைக் கிழித்து அனுப்பிவிட்டார்கள். துணை விமானியும் அப்படித்தான். முந்தைய கம்பெனியில் பயிற்சியின்போது மிகவும் தடுமாறினார் என்று வேலையை விட்டு நீக்கப்பட்டவர்.

அந்த இருவரும்தான் அன்று ஜோடி சேர்ந்து பறந்தார்கள்!

வானத்து டாக்சி

டிக்கெட் விற்று, நேரம் போட்டு ஓடுகிற பெரிய விமானங்கள் டவுன் பஸ் மாதிரி. "சார்ட்டர்" விமானம் டாக்சி மாதிரி. கூப்பிட்ட நேரத்துக்கு வரும். சொன்ன ஊருக்குப் போகும். முதலாளிகள், சினிமாக்காரர்கள், நோயாளிகள் என்று பலரும் ஏறுவார்கள்.

அமெரிக்காவில் இந்த வாடகை விமானங்களுக்கு என்றே விமான விதிகளில் 135-வது பகுதி இருக்கிறது. அங்கே விமானி லைசென்சுக்குக் காலாவதி தேதி கிடையாது. ஒரு தடவை வாங்கினால் வாங்கியதுதான். ஆனால் காசு வாங்கிக்கொண்டு ஆளை ஏற்றிப் பறக்கும் உரிமை அப்படி அல்ல. அது அடிக்கடி காலாவதியாகும்.

என்னென்ன டெஸ்ட்?

வருஷத்துக்கு ஒரு முறை மறுபயிற்சி. அதோடு வருஷத்துக்கு ஒரு கேள்வி-பதில் பரீட்சை. விமானத்தின் எந்திரம், எடைக் கணக்கு, வானிலை, இடி மேகத்தை விலக்குவது எல்லாம் கேட்பார்கள். பிறகு விமானத்தை ஓட்டிக் காட்ட வேண்டும்.

மேகத்துக்குள் கருவிகளை மட்டுமே நம்பிப் பறக்கும் கேப்டனுக்கு 6 மாதத்துக்கு ஒரு முறை தனி டெஸ்ட். கண்ணுக்குத் தரை தெரியாதபோது எப்படி இறங்குவது? ஓடுபாதை தென்படாவிட்டால் எப்படி மறுபடி மேலே ஏறிப் போவது? இதெல்லாம் அதில் உண்டு.

இது தவிர வருஷத்துக்கு ஒரு முறை உண்மையான வழித்தடத்தில், பரிசோதகர் கூடவே வர, ஒரு ஓட்டம். பயணிகளை ஏற்ற வேண்டுமானால் கடந்த 90 நாளில் 3 தடவையாவது ஏறி இறங்கியிருக்க வேண்டும். உடம்புக்கான டாக்டர் சோதனை தனி.

டெஸ்டில் தேறவில்லையா? மறுபடி பயிற்சி எடுத்துத் தேறும்வரை அந்த வேலைக்கு விமானத்தைத் தொடக்கூடாது.

சீசன் டிக்கெட் கணக்கு

மின்சார ரெயிலில் போகிறவர்களுக்குச் சீசன் டிக்கெட் தெரியும். தேதி முடிந்தால் முடிந்ததுதான். பரிசோதகரிடம் "நேத்துதான் சார் முடிஞ்சுது" என்று சொல்லிப் பயன் இல்லை.

விமானிகளுக்கு அதைவிடக் கொஞ்சம் சலுகை உண்டு. ஒருவருக்கு வருடாந்திர டெஸ்ட் மார்ச் மாதம் வருகிறது என்று வையுங்கள். அதைப் பிப்ரவரியிலும் முடிக்கலாம், ஏப்ரலிலும் முடிக்கலாம். எதில் முடித்தாலும் மார்ச்சில் முடித்ததாகவே கணக்கு. அடுத்த வருஷமும் மார்ச்தான். ஏப்ரலில் எழுதியதால் ஒரு மாதம் லாபம் என்று நினைத்தால் ஏமாற்றம்தான்!

ஏப்ரல் 30-ம் போய்விட்டதா? மே 1-ந் தேதி காலையில் அவர் பயணிகளை ஏற்றக்கூடாது. எத்தனை ஆயிரம் மணி நேரம் பறந்த சூரராக இருந்தாலும் சரி.

எங்கே இடறுகிறது?

விதி தெளிவாக இருக்கிறது. பிறகு கோளாறு எங்கே?

வாடகை விமானக் கம்பெனிகளில் பல சின்னக் கம்பெனிகள். விரல்விட்டு எண்ணக்கூடிய விமானிகள்தான் இருப்பார்கள். ஒருவரைப் பயிற்சிக்கு அனுப்பினால் அந்த நாட்களில் ஓட்ட ஆள் இல்லை. பயிற்சிக்கும் செலவு அதிகம். சவாரியை விட மனசு வராது. "அடுத்த மாசம் பார்த்துக்கலாம்" என்ற பேச்சு அங்கேதான் பிறக்கிறது.

இன்னொன்றும் உண்டு. டெஸ்ட் நடத்துகிறவர் எப்போதும் சர்க்கார் அதிகாரி அல்ல. சர்க்கார் அனுமதியோடு கம்பெனியின் சொந்த ஆளே நடத்தலாம். அவர் நேர்மையாகக் கறாராக இருந்தால் நல்லது. தோழர்தானே என்று கண்ணை மூடிக்கொண்டால்?

ஆக்ரனில் நடந்தது என்ன?

தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2016-ல் தன் முடிவைச் சொன்னது. ஓடுபாதை கண்ணில் படாமலேயே, இறங்கக்கூடாத உயரத்துக்குக் கீழே விமானம் இறங்கியது. வேகம் குறைந்தது. இறக்கையின் தாங்கும் சக்தி போய் விழுந்தது. கம்பெனி வகுத்த நடைமுறைகளை விமானிகள் பல இடத்தில் மீறியிருந்தார்கள். விமானத்தை ஓட்டியவர் துணை விமானி. தப்பு நடந்தபோது கேப்டன் கையில் எடுத்துச் சரி செய்யவில்லை.

6 மாத டெஸ்டில் எதைச் சோதிக்கிறார்களோ, அதே பாடத்தில்தான் அன்று கோட்டை விட்டார்கள்!

வாரியம் விமானிகளோடு நிறுத்தவில்லை. விதிகளை அலட்சியமாக எடுத்துக்கொண்டது, ஆள் எடுப்பதிலும் பயிற்சியிலும் கண்காணிப்பிலும் குறை வைத்தது என்று கம்பெனியையும் சாடியது. கம்பெனியின் பயிற்சியைச் சரியாகக் கவனிக்கவில்லை என்று சர்க்கார் விமான இலாகாவுக்கும் குட்டு விழுந்தது.

இப்போது என்ன நிலை?

ஒரு கம்பெனியில் தேறாதவர் அதை மறைத்து அடுத்த கம்பெனியில் சேருவது பழைய தலைவலி. 2009-ல் பபலோ நகர் அருகே 50 பேரைப் பலி வாங்கிய விமான விபத்துக்குப் பிறகு இதற்குச் சட்டம் வந்தது. விமானிகளின் பயிற்சி, தேர்ச்சி, தோல்வி, நீக்கம் எல்லாம் சர்க்காரின் ஒரே கம்ப்யூட்டர் பதிவில் ஏற வேண்டும். 2024 செப்டம்பரில் இந்த முறை முழுமையாக நடைமுறைக்கு வந்தது. வேலை கொடுப்பவர் அதைப் பார்த்தே ஆக வேண்டும்.

வாடகை விமானக் கம்பெனிகள் 2027 மே மாதத்துக்குள் முறையான பாதுகாப்பு ஏற்பாடு ஒன்றை அமைக்க வேண்டும் என்றும் 2024-ல் விதி போட்டார்கள்.

இது அமெரிக்காவோடு முடிகிற சங்கதி அல்ல. இந்தியாவும் உறுப்பினராக உள்ள சர்வதேச சிவில் விமான அமைப்பின் விதியும், காசுக்குப் பறக்கும் விமானிக்கு வருஷத்துக்கு 2 திறமைச் சோதனை கேட்கிறது. ஒரே மாதிரியான 2 டெஸ்டை 4 மாதத்துக்குள் நடத்திவிட்டு, "வருஷக் கணக்கு முடிஞ்சுது" என்று கை கழுவ முடியாது.

காலண்டரைப் பார்த்துத் தேதியைக் குறிப்பது சுலபம். அந்தத் தேதியில் நடக்கும் டெஸ்ட் உண்மையான டெஸ்டா என்பதுதான் கேள்வி. தேதியை விதி பார்த்துக்கொள்ளும். உண்மையை முதலாளிதான் பார்க்க வேண்டும்.

டாக்சி டிரைவர் தடுமாறினால் "ஓரமா நிறுத்துப்பா" என்று இறங்கிவிடலாம். வானத்தில் ஓரம் ஏது?