பிசிசியன் அசிஸ்டன்டா, நர்ஸா?

நீட் தேர்வில் போதிய மதிப்பெண் கிட்டாமல், ஆயினும் ஆஸ்பத்திரியை விட்டு வேறோர் உத்தியோகத்தை நினைத்துப் பார்க்க மனமில்லாமல் நிற்கும் பிள்ளைகளுக்கும், அவர்களைவிட அதிகமாகக் கலங்கும் பெற்றோர்களுக்கும் இக்காலத்தில் இரண்டு மார்க்கங்கள் காட்டப்படுகின்றன: நேரே பி.எஸ்ஸி. பிசிசியன் அசிஸ்டன்ட் படிப்பது ஒன்று. நர்ஸிங் முடித்துப் பின்னர் நர்ஸ் பிராக்டிஷனர் ஆவது மற்றொன்று. இவற்றுள் நர்ஸிங் வழியே உத்தமம் என்பது என் அபிப்பிராயம்.

இவ்விரு தொழில்களும் வைத்தியர் பற்றாக்குறையை முன்னிட்டு 1965ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பிறந்தவை. டியூக் பல்கலைக்கழகத்தில் டாக்டர் யூஜின் ஸ்டெட், கடற்படையில் சிகிச்சைப் பணியாற்றித் திரும்பியவர்களைச் சேர்த்து, வைத்தியர்களுக்குப் போதிக்கும் முறையிலேயே பிசிசியன் அசிஸ்டன்டுகளாகப் பயிற்றுவித்தார். கொலராடோவில் லொரெட்டா ஃபோர்டு என்னும் நர்ஸும் ஹென்றி சில்வர் என்னும் குழந்தை வைத்தியரும், நர்ஸின் ஞானத்தின் மேலேயே நர்ஸ் பிராக்டிஷனர் என்னும் அடுத்த படியைக் கட்டினார்கள். அதன் பலனாக, இன்று அந்நாட்டின் பாதிக்கு மேற்பட்ட மாநிலங்களில் நர்ஸ் பிராக்டிஷனர் எந்த வைத்தியரின் மேற்பார்வையுமின்றிச் சுதந்திரமாகச் சிகிச்சை அளிக்கிறார். பிசிசியன் அசிஸ்டன்டுக்கு வேறு விதமான சுதந்திரம்: எலும்புப் பிரிவிலிருந்து இருதயப் பிரிவுக்குப் புதிய பட்டமில்லாமலே மாறிக்கொள்ளலாம், குழந்தைகளுக்கென்று பயின்ற நர்ஸ் பிராக்டிஷனரோ மனநோய்ப் பிரிவுக்குப் போக வேண்டுமானால் மறுபடியும் படிக்க வேண்டும்.

நம் ஊருக்குப் பிசிசியன் அசிஸ்டன்ட் படிப்பு 1992இல், சென்னை மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில், டாக்டர் கே.எம்.செரியனின் முயற்சியால் வந்தது. இங்கே அது இளநிலைப் பட்டம், அமெரிக்காவில் முதுநிலை. அந்நாட்டில் அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் படித்தவரே அங்கே தகுதித் தேர்வு எழுத இயலும் என்றிருக்க, அமெரிக்கச் சம்பளத்தைக் காட்டி இங்கே மாணவர் சேர்ப்பவர்களை என்னவென்று சொல்வது! நம் நர்ஸோ, சான்றிதழ்களைச் சரிபார்த்து, நர்ஸ் பதிவுக்கான என்க்ளெக்ஸ் தேர்வில் தேறினால், இங்கு பெற்ற பட்டத்தைக்கொண்டே அங்கே பதிவு பெறலாம்.

நர்ஸ் பிராக்டிஷனர் உத்தியோகம் இங்கே இன்னும் வேரூன்றவில்லை என்பது வாஸ்தவம். இந்திய நர்ஸிங் கவுன்சில் தீவிர சிகிச்சைக்கென வகுத்த இரண்டாண்டுப் படிப்பை முடித்தவருக்கும் அதற்குரிய ஸ்தானம் எல்லா ஆஸ்பத்திரிகளிலும் கிடைப்பதில்லை. ஆனாலும் அந்தப் படியில் ஏறாது நின்றுவிட்டவருக்குக்கூட மாநில கவுன்சிலின் பதிவு உண்டு. அரசாங்க வேலைக்கு மனுச் செய்யும் யோக்கியதை உண்டு. பிசிசியன் அசிஸ்டன்டுக்குச் சட்டத்தில் ஓர் இடம் கிடைத்ததே 2021ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான்.

ஒரு விதிவிலக்கு உண்டு. பைபாஸ் ஆபரேஷனில் காலிலிருந்து இரத்தநாளத்தைச் சேதமில்லாமல் எடுத்துக் கொடுக்கும் நுட்பமான பணியைச் செய்வோரில் பிசிசியன் அசிஸ்டன்டுகள் பலர். அத்தகைய கைத்திறனிலேயே நாட்டமுள்ள பிள்ளையை நர்ஸிங்கில் சேரும்படி நிர்ப்பந்திப்பது நியாயமன்று. ஆனால் சேரப்போகும் கல்லூரிக்கு ஆபரேஷன்கள் நடைபெறும் சொந்த ஆஸ்பத்திரி இருக்கிறதா என்பதைப் பணம் கட்டுமுன் நேரில் போய்ப் பார்த்துவிட வேண்டும்.