காருக்கும் எண்ணெய்க் குளியல்

ஒரு கேள்வி. உங்கள் வீட்டுக் காரில் எத்தனை இடத்தில் எண்ணெய் இருக்கிறது?

"எஞ்சினில்" என்று பாதிப் பேர் கை தூக்குவீர்கள். "கியர் பாக்ஸிலும்" என்று முன் பெஞ்சுக்காரர்கள் இன்னொரு மார்க் வாங்கிக்கொள்வார்கள். "டாஷ்போர்டில் ஒரு தேங்காய் எண்ணெய் பாட்டில்" என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் வரும்.

இன்னும் ஓர் இடம் பாக்கி இருக்கிறது ஸார். சிக்னலில் பழைய அம்பாசடருக்குப் பின்னால் நின்றிருக்கிறீர்களா? அடுத்த முறை கொஞ்சம் குனிந்து பாருங்கள். பின் சக்கரங்கள் இரண்டுக்கும் நடுவே, புழுதி அப்பிக்கொண்டு, பரங்கிக்காய் சைஸில் ஓர் உருண்டை தெரியும். அதுதான் டிஃபரன்ஷியல். லாரிப் பட்டறை பாஷையில் 'கிரவுன்'. பேர்தான் கிரீடம், இருப்பது காலடியில்!

இதன் உத்தியோகம் என்ன? கார் ஒரு தெருமுனையில் திரும்பும்போது உள்பக்கச் சக்கரம் கொஞ்ச தூரம் உருண்டால் போதும். வெளிப்பக்கச் சக்கரம் கூடுதலாக ஓட வேண்டும். எவ்வளவு? பின் சக்கரங்களுக்கு நடுவே சுமார் நாலரை அடி இடைவெளி என்றால், ஒரு கால் வட்டத் திருப்பத்துக்கு ஏழு அடி அதிகம். கொண்டை ஊசி வளைவு என்றால் ஏறக்குறைய பதினாலு அடி. (பள்ளிக்கூடத்தில் படித்த 'பை' கடைசியில் இப்படியாவது உபயோகப்பட்டதே!)

மாட்டு வண்டிக்கு இந்தத் தலைவலி கிடையாது. இழுப்பது மாடு, சக்கரங்கள் இரண்டும் அச்சில் தன் இஷ்டத்துக்குச் சுற்றிக்கொள்ளும். காரில் எஞ்சின்தான் சக்கரத்தைச் சுற்ற வேண்டும். இரண்டு சக்கரத்தையும் ஒரே இரும்புத் தண்டில் இறுக்கிவிட்டால், திருப்பத்தில் ஏதாவது ஒன்று தரையில் தேய்ந்துகொண்டு வரும். இரண்டுக்கும் சக்தியைக் கொடு, ஆனால் வேகத்தை அவரவர் சௌகரியத்துக்கு விட்டுவிடு. இப்படி ஒரு பஞ்சாயத்து செய்கிற பல்சக்கர ஏற்பாட்டுக்கு பெக்கர் என்ற பிரெஞ்சுக்காரர் 1828-ல் காப்புரிமை வாங்கினார். அவர் அதைப் பொருத்தியது நீராவி வண்டியில். பெட்ரோல் கார் அப்போது பிறக்கவே இல்லை.

நம்ம ஊரில் இந்த உருண்டையை ஜனங்கள் மறந்ததற்கு ஒரு காரணம் உண்டு. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. அதில் எஞ்சின் சுற்றுவது முன் சக்கரங்களை. டிஃபரன்ஷியலும் முன்னாலேயே, கியர் பாக்ஸோடு கூட்டுக்குடித்தனம். எண்ணெயும் ஒரே பாத்திரத்து எண்ணெய்தான். அந்த வண்டிகளில் வளர்ந்த தலைமுறைக்குப் பின்னால் ஒரு தனிக்குடித்தனம் இருப்பதே தெரியாது. ஆனால் அம்பாசடர், ஃபியட், பிரீமியர் பத்மினி, கான்டஸா எல்லாம் பின் சக்கர ஆசாமிகள். பொலிரோ, டாடா ஏஸ், மாருதி ஈகோ வைத்திருப்பவர்களும் காலரைத் தூக்கி விட்டுக்கொள்ளலாம். உங்களுக்கும் உருண்டை உண்டு.

நான் பி.காம். எனக்கும் உருண்டைக்கும் சம்பந்தம் ஏற்பட்டது என் மாமனார் மூலமாக. நாமக்கல் பக்கத்தில் இருக்கிறார். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். அவரிடம் 1994 மாடல் அம்பாசடர் ஒன்று இருக்கிறது. வருமான வரிக் கணக்குப்படி காருக்கு வருஷம் 15 சதவீதம் தேய்மானம் எழுதலாம். ஒரு லட்சத்துக்கு வாங்கியதாக வைத்துக்கொண்டால், முப்பது வருஷம் கழித்து ஏட்டில் அதன் மதிப்பு 763 ரூபாய்! இதை ஒரு தடவை மாமனாரிடம் சொன்னேன். "அப்படிங்களா மாப்ளே" என்றார். அன்றைக்கு ராத்திரி எனக்கு மட்டும் தோசை இரண்டோடு நின்றுவிட்டது.

போன வருஷம் குடும்பத்தோடு கொல்லிமலை அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் போவதாக ஏற்பாடு. என் பையனுக்கு மொட்டை. மாமனார், மாமியார், நாங்கள் மூன்று பேர், கூடவே இரண்டு தூக்குச்சட்டி புளிசாதம். காரக்காடி போலக் கனமான அந்தப் பட்டாளத்தை ஏற்றிக்கொண்டு அம்பாசடர் மலையேற வேண்டும். நாலு நாள் முன்னால் மாமனார் சொன்னார்.

"மாப்ளே, வண்டிக்கு என்னமோ தொண்டை கட்டியிருக்குதுங்க."

ஓட்டிப் பார்த்தேன். நாற்பது கிலோமீட்டரைத் தாண்டினால் பின் சீட்டுக்கு அடியிலிருந்து 'ஊஊஊ' என்று ஒரு முனகல். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் ஏறுகிறது, விட்டால் இறங்குகிறது. டவுனில் ஒரு பட்டறைக்காரர் காரைச் சுற்றி வந்தார். குனியக்கூட இல்லை. "கிரவுன் பினியன் செட்டே போச்சுங்க. மாத்திடலாம்" என்றார். அவர் சொன்ன தொகைக்கு மாமனார் முகம் பழைய எண்ணெய் கலருக்கு மாறியது. "பேசாம எடைக்குப் போட்டுட்டு வாடகைக் காருல போலாமுங்க" என்றார் மாமியார். முப்பது வருஷ உறவு ஒரு வாக்கியத்தில் முடிகிற நேரம்.

நாமக்கல்லில் லாரிகளுக்குப் பஞ்சமில்லை, லாரி வைத்தியர்களுக்கும்தான். அவர்களில் ஒரு பெரியவரிடம் போனோம். அவர் கேட்ட முதல் கேள்வி: "கிரவுன் ஆயில் எப்பங்க மாத்துனீங்க?"

மாமனார் யோசித்தார். மாமியாரைப் பார்த்தார். இரண்டு பேரும் சேர்ந்து என் கல்யாணத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ண ஆரம்பித்தார்கள்.

"சரி விடுங்க. சத்தத்தை வச்சு சாமான் வாங்கக் கூடாதுங்க. முதல்ல எண்ணெயை இறக்கிப் பார்ப்போம். உள்ள நடக்கறதை அது சொல்லும்" என்றார் பெரியவர்.

எஞ்சின் எண்ணெய்க்கு ஃபில்டர் உண்டு. உருண்டைக்குக் கிடையாது. உள்ளே பற்கள் தேய்ந்து உதிர்வதெல்லாம் அந்த எண்ணெயிலேயே கிடக்கும். அதனால் அது ஒரு பேங்க் பாஸ்புக் மாதிரி. எல்லா என்ட்ரியும் இருக்கும்.

செய்முறையைச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். முதலில் வண்டியைப் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டச் சொன்னார். எண்ணெய் சூடாகி இளகினால்தான் கசடெல்லாம் சேர்ந்து இறங்கும். பிறகு சமதளத்தில், பட்டறைப் பள்ளத்துக்கு மேலே நிறுத்தினார். (வீட்டில் செய்கிறவர்களுக்கு: வெறும் ஜாக்கியை நம்பி காருக்கு அடியில் போகாதீர்கள். எல்.ஐ.சி. பிரீமியம் கட்டியிருந்தாலும் சரி.)

உருண்டையில் இரண்டு ப்ளக். நடு உயரத்தில் ஒன்று, எண்ணெய் ஊற்ற. அடியில் ஒன்று, இறக்க. பெரியவர் முதலில் கை வைத்தது மேல் ப்ளக்கில்.

"இறக்கத்தானே போறோம், கீழேதானே திறக்கணும்?" என்றேன்.

"கீழே திறந்து எண்ணெயெல்லாம் போன பிறகு மேல் ப்ளக் வரமாட்டேன்னு அடம் பிடிச்சா என்ன பண்ணுவீங்க தம்பி? காலி உருண்டையோட வண்டியைத் தள்ளிட்டுப் போவீங்களா?"

மூன்று வருஷம் காமர்ஸ் படித்ததில் இவ்வளவு தெளிவாக யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. வரவுக்கு வழி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் செலவைத் திற!

மேலே திறந்தாயிற்று. கீழேயும் திறந்தார். கன்னங்கரேல் என்று இறங்கியது. பூண்டும் கெட்ட முட்டையும் கலந்தாற்போல ஒரு வாசனை. அது கெட்டுப்போனதன் அடையாளமில்லை, கந்தகம். இந்த வகைப் பற்கள் உருள்வதோடு நிற்காமல் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டே அழுத்தும். சாதாரண எண்ணெய் அந்த அழுத்தத்தில் பிதுங்கி ஓடிவிடும். அதனால் கந்தகமும் பாஸ்பரஸும் சேர்ந்த மருந்தைக் கலந்து, இரும்பின்மேல் ஒரு காப்புத் தோல் படியும்படி செய்கிறார்கள்.

பெரியவர் எண்ணெயை விரலில் தொட்டு வெயிலில் காட்டினார். சாம்பல் நிறத்தில் மை மாதிரி நைஸான தூள். "இது வயசுங்க. வியாதி இல்ல" என்றார். இரும்புத் துணுக்கு, பல் உடைந்த சில்லு வந்திருந்தால் வியாதி. பால் கலந்த காப்பி நிறத்தில் வந்தால் உள்ளே தண்ணீர். நம் வண்டியில் இரண்டும் இல்லை. மாமனார் முகத்தில் கொஞ்சம் ரத்தம் வந்தது.

பெரியவர் முகத்தில்தான் சிரிப்பில்லை. கீழே வைத்த தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு லிட்டருக்கு மேல வரணும். அரை லிட்டர்தான் வந்திருக்குது. மீதி எங்கே?"

ஸ்டாக் குறைந்தால் ஆடிட்டர் கேட்கிற கேள்வி! "வீட்டு வாசல்ல ஒரு சொட்டு எண்ணெய் கிடையாதுங்க. தினம் நான்தான் கோலம் போடறேன்" என்று மாமியார் சாட்சி சொன்னார்.

பெரியவர் பதில் பேசவில்லை. இடது பின் சக்கரத்தைக் கழற்றினார். டிரம்மை இழுத்தார். உள்ளே பிரேக் ஷூ இரண்டும் எண்ணெயில் ஊறி, வடைச்சட்டியிலிருந்து எடுத்த மாதிரி மினுமினுத்தன.

நடந்தது இதுதான். உருண்டைக்கு மேலே ப்ரீதர் என்று சின்னதாக ஒரு மூச்சுத் துவாரம் உண்டு. அது சேறு அடைத்துக் கிடந்தது. ஓடும்போது உள்ளே காற்று சூடாகி விரிகிறது. மேலே போக வழியில்லை. பழசான ஆயில் சீல் வழியாக எண்ணெயைச் சக்கரத்துப் பக்கம் தள்ளியிருக்கிறது. எல்லாம் டிரம்முக்குள்ளேயே நின்றுவிட்டதால் வாசலில் சொட்டவில்லை. எண்ணெய் குறைந்ததால் முனகல். பிரேக்கில் எண்ணெய் ஏறியதால்...

மாமனார் மெதுவாகச் சொன்னார். "ரெண்டு மாசமாவே பெடலை ஜாஸ்தி மிதிக்க வேண்டியிருந்ததுங்க. எனக்குத்தான் காலுல தெம்பு குறைஞ்சு போச்சாட்டம்னு வெளியில சொல்லலை."

பட்டறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். இறங்கும்போது அந்த பிரேக்கை நம்பித்தான் என் பையன் மொட்டைத் தலையோடு பின் சீட்டில் தூங்கிக்கொண்டு வந்திருப்பான்.

சீல் புதுசு. பிரேக் ஷூ இரண்டு பக்கமும் புதுசு. எண்ணெய் குடித்த லைனிங்கைத் துடைத்துவிட்டு மறுபடி போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ப்ரீதரை ஊதிச் சுத்தம் செய்தார். கீழ் ப்ளக்கைத் துடைத்து இறுக்கினார். பிறகு புது எண்ணெய். ஓட்டை பக்கவாட்டில் இருப்பதால் பாட்டிலைக் கவிழ்க்க முடியாது. மாட்டுக்கு மருந்து புகட்டுகிற மாதிரி ஒரு கைப்பம்பும் குழாயும். எவ்வளவு ஊற்றுவது? அளவு ஜாடியே வேண்டாம். மேல் ஓட்டை விளிம்பு வரை வந்து வழிய ஆரம்பித்தால் நிறைந்துவிட்டது. வழிவது நின்றதும் மூடிவிட வேண்டியது. இதற்குத்தான் வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும். சாய்ந்து நின்றால் அளவு பொய் சொல்லும்.

எண்ணெய் பாட்டில்களுக்கு நான் பணம் கொடுத்தேன். பில்லைப் பார்த்தால், ஏட்டில் காருக்கு இருக்கிற மதிப்புக்குக் கிட்டத்தட்ட சமம். இதை மாமனாரிடம் சொல்லவில்லை. தோசை விஷயம்.

முனகல் முழுசாகப் போகவில்லை, முக்கால்வாசி அடங்கியது. தேய்ந்த பல்லை எந்த எண்ணெயும் வளர்த்துவிடாது என்று பெரியவரே சொல்லிவிட்டார். மலைக்குப் போனோம், வந்தோம். ஒவ்வொரு வளைவிலும் வெளிச்சக்கரம் பதினாலு அடி ஓவர்டைம் பார்த்தது. பேட்டா கேட்கவில்லை. மாமனார் இரண்டாவது கியரில் நிதானமாக இறக்கினார். பெடல், அவர் காலுக்குச் சரியாகவே இருந்தது.

எஞ்சின் எண்ணெயை மாற்ற சர்வீஸ்காரர் போன் போட்டு ஞாபகப்படுத்துவார். உருண்டைக்காக யாரும் போன் போட மாட்டார்கள். உங்களுடையது பின் சக்கர வண்டி என்றால், கையேட்டை எடுத்து எந்த எண்ணெய், எத்தனை கிலோமீட்டர் என்று பாருங்கள். கண்டதை ஊற்றாதீர்கள், கிரவுனுக்கு உகந்தது கியர் பாக்ஸுக்கு ஆகாமல் போகலாம். இறக்கிய பழைய எண்ணெயைச் சாக்கடையில் கொட்டாமல் பட்டறை பீப்பாயில் சேருங்கள். எண்ணெய் மாற்ற இன்னும் நாள் இருக்கிறதா? பரவாயில்லை. அடுத்த சர்வீஸில் மேல் ப்ளக்கை மட்டும் திறந்து, விளிம்பு வரை இருக்கிறதா என்று மெக்கானிக்கை விரல் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிஷ வேலை.

குறைந்திருந்தால் ஊற்றிவிட்டு மட்டும் வராதீர்கள். மீதி எங்கே போச்சு என்று கேளுங்கள்.